சட்டத்தரணி மீது முறைப்பாடு செய்ய வேண்டி வந்தால்: யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அம்மாவின் கொக்குவில் காணி வழக்குப் பற்றி எப்போது கேட்டாலும் "தவணை போட்டிருக்கு" என்ற பதில்தான் வந்தது. ஒன்றரை வருடம் அப்படியே போனது. ஒரு நாள் வேறு வேலையாக நீதிமன்றப் பக்கம் போனபோது, பதிவாளர் அலுவலகத்தில் வழக்கு இலக்கத்தைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். வழக்கு பதினொரு மாதத்துக்கு முன்பே தள்ளுபடியாகியிருந்தது. அழைத்தபோது வழக்காளியும் இல்லை, வழக்காளியின் சட்டத்தரணியும் இல்லை என்று வழக்கேட்டில் எழுதியிருந்தது. அதற்குப் பிறகும் எங்கள் சட்டத்தரணி இரண்டு தடவை தவணைக் காசு வாங்கியிருந்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒன்பது பக்கக் கடிதம் எழுதினேன். ஆளுநர், நீதி அமைச்சு, மனித உரிமைகள் ஆணைக்குழு என்று தெரிந்த இடமெல்லாம் அனுப்பினேன். நான்கு மாதம் அதிலேயே கழிந்தது. ஒரு இடத்திலிருந்தும் பயனுள்ள பதில் வரவில்லை, ஏனென்றால் தனியார் சட்டத்தரணி ஒருவரின் ஒழுக்கத்தை விசாரிக்கும் அதிகாரம் அந்த இடங்களில் இல்லை. சரியான வழியை எனக்கு யாரும் முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த நான்கு மாதம் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டுச் செய்திகள் வாசித்துப் பழகியவர்களுக்கு ஒரு சொல் விளக்கம். இலங்கையில் "உயர் நீதிமன்றம்" என்றால் நாட்டின் அதியுயர் நீதிமன்றம். அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றம், அதற்கும் கீழே மேல் நீதிமன்றம். கீழே உயர் நீதிமன்றம் என்று எழுதும் இடமெல்லாம் கொழும்பு புதுக்கடையில் உள்ள அதியுயர் நீதிமன்றத்தையே சொல்கிறேன்.

1. முதலில் உங்கள் வழக்கைக் காப்பாற்றுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் வாசிக்க நேரம் உண்டென்றால் இதை வாசியுங்கள்.

சட்டத்தரணிக்கு எதிரான முறைப்பாடு உங்கள் வழக்கை மீட்டுத் தராது. அது வேறு பாதை, உங்கள் வழக்கு வேறு பாதை. முறைப்பாடு அனுப்பிவிட்டேன், இனி மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்தால் வழக்கின் காலக்கெடு அந்தப் பக்கம் ஓடிவிடும். முறைப்பாடு கொடுத்ததற்காக எந்தக் காலக்கெடுவும் நிற்பதில்லை.

சிவில் வழக்கில் தெரிந்திருக்க வேண்டிய கெடுக்கள் சில உண்டு. நீங்கள் வழக்காளியாக இருந்து, வராததால் வழக்குத் தள்ளுபடியானால், நியாயமான காலத்துக்குள் மனுவும் சத்தியக் கடதாசியும் (உண்மையென்று உறுதியுரைத்துக் கையெழுத்திடும் எழுத்து வாக்குமூலம்) போட்டு, வராததற்கான காரணத்தைக் காட்டி அதை மீளத் திறக்கக் கேட்கலாம். சிவில் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 87 ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. நீங்கள் எதிராளியாக இருந்து, நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகிவிட்டதென்றால் நேரம் மிகக் குறைவு: தீர்ப்பாணை உங்களுக்குச் சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து 14 நாள். இறுதித் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீடு செய்வதானால் மேன்முறையீட்டு அறிவித்தலை 14 நாளுக்குள்ளும் (ஞாயிறும் பொது விடுமுறைகளும் இதில் சேராது), மேன்முறையீட்டு மனுவைத் தீர்ப்பிலிருந்து 60 நாளுக்குள்ளும் கொடுக்க வேண்டும்.

"நியாயமான காலம்" என்பதற்கு நாள் கணக்கு இல்லாததால் பலர் ஆறுதலாக இருந்துவிடுகிறார்கள். எங்கள் விடயத்தில், தள்ளுபடியான பிறகு கழிந்த பதினொரு மாதத்தை விளக்குவது சுலபமாக இருந்தது. "தவணை போட்டிருக்கு" என்று சட்டத்தரணி அனுப்பிய வட்ஸ்அப் செய்திகள் கையில் இருந்தன. உண்மை தெரிந்த பிறகு நான் கடிதம் எழுதித் திரிந்த நான்கு மாதத்தை விளக்கத்தான் புதிய சட்டத்தரணி பெரும்பாடு பட்டார். தெரியவந்த அன்றிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு கிழமைக்கும் பிறகு பதில் சொல்ல வேண்டிவரும்.

புதிய சட்டத்தரணியை அமர்த்தும்போது ஒரு சிக்கல் வரும். பழையவரிடம் நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த புறொக்சி, அதாவது பதிலாள் பத்திரம், வழக்கேட்டில் இருக்கும். வேறொருவர் எழுந்து நின்று பேசினால் மட்டும் அது இல்லாமல் போகாது. அவருக்கு அறிவித்தல் கொடுத்து, நீதிமன்றத்தின் அனுமதியோடு, நீங்கள் கையெழுத்திட்ட எழுத்தின் மூலம் இரத்துச் செய்ய வேண்டும். அது முடியும் வரை பழையவர்தான் உங்கள் பதிவுச் சட்டத்தரணி, வழக்கு அறிவித்தல்கள் அவர் கைக்கே போகும். இதைச் செய்யாமல் விட்டு இரண்டாம் முறையும் தவணையைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

சரி, புதியவரை எங்கே தேடுவது? ஒரே மன்றில் தினமும் முகம் பார்ப்பவர்கள் சக சட்டத்தரணிக்கு எதிரான விடயத்தை எடுக்கத் தயங்கலாம். யாழ்ப்பாணத்தில் எனக்கு இரண்டு பேர் "வேறு ஆளைப் பாருங்கோ" என்று மரியாதையாகவே சொன்னார்கள். அப்படியானால் மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறைப் பக்கம் தொழில் செய்பவர்களிடம் கேளுங்கள். வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்குப் போகலாம். அடையாள அட்டையையும், கிராம அலுவலரிடம் பெற்ற வருமானம் பற்றிய கடிதத்தையும் கையோடு கொண்டு போனால் இரண்டாம் தடவை அலைய வேண்டிவராது.

2. உங்கள் குறை ஒழுக்காற்று விடயம்தானா என்று பாருங்கள்

வழக்கில் தோற்றது, நீதவான் பலமுறை தவணை போட்டது, எதிர்த்தரப்புச் சட்டத்தரணி குறுக்கு விசாரணையில் கடுமையாகக் கேட்டது, கட்டணம் கூடிப்போனது போல் தெரிவது: இவை மனதை நோகடிக்கும், ஆனால் இவற்றை மட்டும் வைத்து முறைப்பாடு நிற்காது.

நிற்கக் கூடியவை வேறு. உங்களுக்கென வாங்கிய காசைத் தன் காசாக ஆக்கியது, போடாத வழக்கைப் போட்டதாகச் சொன்னது, முன்னறிவித்தல் இல்லாமல் மன்றுக்கு வராமல் விட்டது, உங்கள் கையெழுத்தைத் தானே போட்டது, நீங்கள் சொன்ன இரகசியத்தை எதிர்த்தரப்புக்குக் கொடுத்தது, இரு பக்கத்துக்கும் வேலை செய்தது போன்றவை.

சட்டம் இதை இப்படி வைத்திருக்கிறது. 1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 42(2) பிரிவின்படி, வஞ்சகம், தொழில் முறைகேடு, குற்றம், தவறு இவற்றுக்குக் குற்றவாளியாகும் சட்டத்தரணியை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதியரசர்கள் சேர்ந்திருந்து தொழிலிலிருந்து இடைநிறுத்தலாம் அல்லது நீக்கலாம். எது தகாத நடத்தை என்பதை விரிவாகச் சொல்வது உயர் நீதிமன்றம் ஆக்கிய சட்டத்தரணிகளின் நடத்தை, ஒழுக்கம் பற்றிய விதிகள். 1988 டிசம்பர் 7 ஆம் திகதிய 535/7 இலக்க அதிவிசேட வர்த்தமானியில் அவை வந்தன. நான் மூன்று விதிகளைக் குறித்து வைத்திருந்தேன். ஏற்றுக்கொண்ட வேலையைக் கட்சிக்காரரின் நலனுக்காக உரிய கவனத்தோடும் ஊக்கத்தோடும் செய்ய வேண்டும் என்பது 15 ஆவது விதி. நல்ல பெயருள்ள சட்டத்தரணிகள் இழிவென்று கருதக்கூடிய விதத்தில் நடக்கக்கூடாது என்பது 60 ஆவது. சட்டத்தரணி ஒருவருக்குத் தகாத விதத்தில் நடக்கக்கூடாது என்பது 61 ஆவது. முறைப்பாட்டில் விதி இலக்கம் போட்டே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் உங்கள் கதையை எந்தக் கண்ணால் பார்ப்பார்கள் என்று தெரிந்துகொண்டு எழுதினால் எழுத்து நேராக வரும்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் காசு கொடுத்தது உண்மையில் ஒரு சட்டத்தரணிக்குத்தானா? நீதிமன்ற வாசலிலும் கச்சேரி (மாவட்டச் செயலகம்) பக்கத்திலும் "நான் பார்த்துத் தாறன்" என்று காசு வாங்கும் தரகர்களும் இருக்கிறார்கள். சட்டத்தரணிகளின் பெயர்ப் பதிவேடு உயர் நீதிமன்றத்தில் இருக்கிறது. அதில் பெயரில்லாதவர் மீது ஒழுக்காற்று முறைப்பாடு செய்ய வழியில்லை. நேரே பொலிசுக்குப் போங்கள்.

3. உறுதி எழுதியதில் பிழையென்றால் வேறு கதவு

எங்கள் ஊரில் காணி உறுதி எழுதுபவரும் வழக்குப் பேசுபவரும் பெரும்பாலும் ஒரே ஆள். ஆனால் உறுதி எழுதும்போது அவர் நொத்தாரிசு, அதற்கு நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் பொருந்தும். உறுதி, நொத்தாரிசு வேலை பற்றிய முறைப்பாட்டைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்கு எழுத வேண்டும். அதன் தலைமை அலுவலகம் பத்தரமுல்லையில் இருக்கிறது.

அடிக்கடி நடக்கும் குறை ஒன்று உண்டு. உறுதி கையெழுத்தாகிவிடும், முத்திரைக் காசும் வாங்கப்பட்டிருக்கும், ஆனால் காணிப் பதிவகத்தில் பதிவு இருக்காது. நொத்தாரிசு ஒருவர் ஒரு மாதத்தில் எழுதிய உறுதிகளின் பட்டியலையும் இரண்டாம் பிரதிகளையும் அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆகவே கையெழுத்திட்டு இரண்டு மாதம் கழித்துக் காணிப் பதிவகத்தில் ஒரு தேடுதல் செய்து பாருங்கள். வேறு எதையும் விட இந்தத் தேடுதல் மலிவு. வெளிநாட்டில் இருப்பவர்கள் காணி வாங்கும்போது இதைக் கட்டாயம் செய்விக்க வேண்டும்.

இரண்டு வேலையிலும் பிழை நடந்திருந்தால் இரண்டு முறைப்பாடு, இரண்டு கட்டுப் பத்திரம். ஒன்றாகக் கலந்து அனுப்பாதீர்கள்.

4. பத்திரங்களைச் சேருங்கள்

முறைப்பாடு எழுத உட்காரும் முன் இதைச் செய்யுங்கள். நான் தலைகீழாகச் செய்து எல்லாவற்றையும் திரும்ப எழுதினேன்.

முதலாவது, வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதி. வழக்கு நடந்த நீதிமன்றத்தின் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். வழக்கு இலக்கம் தெரியாவிட்டால் கட்சிக்காரரின் முழுப் பெயரும் வழக்குப் போட்ட வருடமும் கொண்டு போங்கள். நாளுக்கு நாள் என்ன நடந்தது என்ற பதிவுகள் முழுவதையும் கேளுங்கள், கடைசிக் கட்டளையை மட்டும் வாங்கி வராதீர்கள். யார் எந்தத் தவணைக்கு வந்தார், யார் வரவில்லை என்பது அந்தப் பதிவுகளில்தான் இருக்கிறது. எனக்குப் பிரதி கிடைக்க மூன்று கிழமை ஆனது. வழக்கேடு பதிவறைக்குப் போய்விட்டால் இன்னும் சுணங்கும்.

இரண்டாவது, காசு கொடுத்த சான்று. பற்றுச்சீட்டு இருந்தால் அதிர்ஷ்டம். எங்களுக்குத் தந்தது இரண்டே இரண்டு. மிச்சத்துக்கு வங்கியில் காசு எடுத்த திகதி, அவருடைய கணக்குக்கு வைப்பிலிட்ட துண்டு, அண்ணா கனடாவிலிருந்து அனுப்பிய காசின் பதிவு என்று தேடிச் சேர்த்தோம். கையில் கொடுத்த காசுக்குச் சான்று எதுவும் இல்லையென்றால், கொடுக்கும்போது கூட நின்றவர் தனியாக ஒரு சத்தியக் கடதாசி தரலாம்.

மூன்றாவது, தொலைபேசிச் செய்திகள். அவருடைய இலக்கமும் திகதியும் தெரியும்படி படமெடுத்து அச்சிடுங்கள். தொலைபேசியை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், செய்திகளை அழிக்காதீர்கள். விசாரணையில் மூலத்தைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டும். நடுவில் உங்களுக்குச் சாதகமில்லாத செய்தி இருந்தாலும் வெட்டாமல் முழுவதையும் கொடுங்கள். வெட்டிய துண்டைப் பிறகு அவர் முழுசாகக் கொண்டு வந்து காட்டினால் உங்கள் மிச்சச் சொல்லையும் நம்பமாட்டார்கள்.

நான்காவது, நீங்கள் அவரிடம் கொடுத்த பத்திரங்களின் பட்டியல். மூல உறுதி, தோம்புப் பிரதி (காணிப் பதிவேட்டின் பிரதி), நில அளவை வரைபடம் அவரிடம் இருந்தால் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். இன்னும் வழக்குத் தொடங்காதவர்களுக்குச் சொல்கிறேன்: மூல உறுதியைக் கொடுக்க வேண்டி வந்தால், இன்ன உறுதி இன்ன திகதியில் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு துண்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் யாருக்கும் போட்டுக் கொடுக்காதீர்கள். "அவசரம், பிறகு நிரப்புறன்" என்று கேட்டால் அங்கேயே இருந்து நிரப்பிய பிறகு கையெழுத்திடுங்கள்.

5. அவருக்கு ஒரு கடிதம்

கோபத்தோடு நேரில் போகாதீர்கள். பதிவுத் தபாலில் ஒரு பக்கக் கடிதம் போதும்: வழக்கு இலக்கம், என்ன தெரியவந்தது, எந்தப் பத்திரங்களையும் எவ்வளவு காசையும் திருப்பித் தர வேண்டும், 14 நாள் அவகாசம். பதிவுத் தபால் துண்டையும் கடிதப் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. "காசைத் தராவிட்டால் முறைப்பாடு செய்வேன், தந்தால் விட்டுவிடுவேன்" என்று எழுதாதீர்கள். உங்கள் முறைப்பாட்டையே மிரட்டல் என்று திருப்பிவிட அந்த ஒரு வரி போதும். காசு கேட்பதைக் காசு கேட்பதாக மட்டும் எழுதுங்கள்.

பதிலுக்கு ஊர்ப் பெரியவரையோ கோயில் தர்மகர்த்தாவையோ அனுப்பி, பாதிக் காசும் ஒரு மன்னிப்பும் தந்து முடிக்கப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார், அம்மா தேத்தண்ணி கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். உங்களுக்கு உரிய காசை வாங்குவதில் பிழையில்லை. ஆனால் "எனக்கு எந்தக் குறையும் இல்லை, முன்பு சொன்னதெல்லாம் தவறு" என்று எழுதிய தாளில் கையெழுத்திடாதீர்கள். வாங்கிய தொகைக்கு மட்டும் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். காசு திரும்பி வந்துவிட்டது என்பதாலேயே ஒழுக்காற்று விடயம் முடிந்துவிடாது.

6. சத்தியக் கடதாசி

வெறும் கடிதமாக முறைப்பாடு அனுப்பினால் பெரும்பாலும் "சத்தியக் கடதாசியோடு அனுப்பவும்" என்று திரும்பி வரும். என் ஒன்பது பக்கக் கடிதம் அப்படித்தான் வந்தது. ஆகவே தொடக்கத்திலேயே சத்தியக் கடதாசியாக எழுதுங்கள். இதை எழுதச் சட்டத்தரணி வேண்டியதில்லை, நீங்களே எழுதலாம்.

முதற் பந்தியில் முழுப் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம். இந்துக்களும் முஸ்லிம்களும் உறுதியுரைப்பார்கள், கிறிஸ்தவர்கள் சத்தியம் செய்வார்கள். உங்களுக்குரிய வாசகத்தைப் போடுங்கள். பிறகு ஒவ்வொரு பந்திக்கும் இலக்கமிட்டு, ஒரு பந்தியில் ஒரு நிகழ்ச்சி, திகதி வரிசையில். எந்தத் தாளைப் பற்றிச் சொல்கிறீர்களோ அதற்கு அ1, அ2 என்று குறியிட்டு அந்தப் பந்தியிலேயே சொல்லுங்கள். "2022 மார்ச் 4 ஆம் திகதி வழக்கு அழைக்கப்பட்டபோது அவர் சமுகமளிக்கவில்லை, அ3 இன் இரண்டாம் பக்கத்தைப் பார்க்கவும்" என்ற மாதிரி. நீங்கள் நேரில் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் பிரித்து எழுதுங்கள். "கள்ளன்", "துரோகி", "இவரால் எத்தனை குடும்பம் அழிந்தது" என்ற வரிகளை வெளியே எடுங்கள். என் ஒன்பது பக்கம் அப்படிக் குறைந்து நான்கு பக்கமானது. அந்த நான்கு பக்கத்தைத்தான் வாசித்தார்கள்.

கையெழுத்தைச் சமாதான நீதவான் அல்லது சத்தியப்பிரமாண ஆணையாளர் முன்னால் இடுங்கள். வீட்டிலேயே போட்டுக்கொண்டு போய் முத்திரை மட்டும் குத்துவிப்பது இங்கே பழக்கமாகிவிட்டது. விசாரணையில் "யார் முன்னால் கையெழுத்திட்டீர்கள்" என்று கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடியாது. ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் சுருக்கக் கையெழுத்து, இணைப்புகளில் அந்தச் சமாதான நீதவானின் அல்லது ஆணையாளரின் கையெழுத்து. இந்த விடயத்தில் தொடர்புடைய எந்தச் சட்டத்தரணி முன்னாலும் சத்தியக் கடதாசி செய்யாதீர்கள்.

வழக்கு அம்மாவின் பெயரில் இருந்ததால் சத்தியக் கடதாசியும் அம்மாவினதாகவே இருக்க வேண்டியிருந்தது. நான் கண்டதற்கு நான் தனியாக ஒன்று கொடுத்தேன். வெளிநாட்டில் இருக்கும் காணிக்காரர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். இங்கே அற்றோணித் தத்துவம், அதாவது அவருக்காகச் செயற்படும் அதிகாரப் பத்திரம், வைத்திருப்பவர், தனக்கு நேரில் தெரிந்ததை மட்டும் சொல்லலாம்.

அப்புறம் மொழி. எங்கள் வழக்கேடு தமிழில். கொழும்பில் விசாரிப்பவர்கள் எல்லோரும் தமிழ் வாசிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. தமிழ் மூலத்தோடு, சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணையுங்கள். எல்லாப் பக்கத்தையும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. சத்தியக் கடதாசி முழுவதும், வழக்கேட்டில் முக்கியமான பதிவுகள், முக்கியமான செய்திகள் போதும். பெயரும் திகதியும் மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று நீங்களே ஒரு தடவை சரிபாருங்கள். எங்கள் மொழிபெயர்ப்பில் ஒரு வருடம் பிழையாக இருந்தது, கடைசி நேரத்தில் கண்டுபிடித்தோம்.

7. எங்கே அனுப்புவது

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கம், இல. 153, மிஹிந்து மாவத்தை, கொழும்பு 12. செயலாளருக்கு முகவரியிடுங்கள். படிவம், பிரதிகளின் எண்ணிக்கை, கட்டணம் இவை காலத்துக்குக் காலம் மாறலாம், அனுப்ப முன் செயலகத்துக்கு ஒரு அழைப்பு எடுத்துக் கேளுங்கள். மற்றது நேரே உயர் நீதிமன்றம்: பிரதம நீதியரசருக்கு முகவரியிட்டு, உயர் நீதிமன்றப் பதிவாளர், புதுக்கடை, கொழும்பு 12 ஊடாக. அங்கிருந்து சங்கத்துக்கு அனுப்பி விசாரிக்கச் சொல்வதும் உண்டு.

சங்கம் விசாரிக்கலாம், அறிக்கை தரலாம். பெயரை நீக்கும், தொழிலை நிறுத்திவைக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. யாழ்ப்பாணத்தில் இருக்கும் சட்டத்தரணிகள் சங்கத்திடம் பேசிப் பார்ப்பது சில வேளை பத்திரங்களைத் திருப்பி வாங்க உதவும், எங்களுக்கு அங்கே ஒரு மூத்தவர் உண்மையாகவே உதவினார். ஆனால் அது முறைப்பாட்டுக்கு ஈடாகாது.

காசை எடுத்ததும் கையெழுத்தைப் போலியாகப் போட்டதும் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றங்கள். அதற்குப் பொலிசில் தனியாக முறைப்பாடு செய்து, முறைப்பாட்டின் பிரதியைப் பெற்றுக்கொள்ளுங்கள். "இது சிவில் பிரச்சினை" என்று திருப்பி அனுப்பப் பார்த்தால், சான்றுப்படுத்திய வழக்கேட்டுப் பிரதியைக் காட்டுங்கள். நட்டஈடு கேட்பது மூன்றாவது பாதை, அதற்குச் சிவில் வழக்கு வேண்டும். எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம், எழுத்தில்லாததற்கு 3 வருடம், கவனயீனத்தால் வந்த நட்டத்துக்கு 2 வருடம் என்று காலவரையறை வேறு வேறாக இருப்பதால், எது உங்களுக்குப் பொருந்தும் என்று புதிய சட்டத்தரணியிடம் முதல் நாளே கேளுங்கள். சிறிய தொகையானால் மத்தியஸ்த சபைக்குப் போன பிறகே வழக்குப் போட முடியும்.

முகநூலில் எழுதாதீர்கள். பெயரையும் படத்தையும் போட்டு எழுதினால் ஆறுதலாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் மானநட்ட வழக்குப் போட்டால் உங்கள் காசும் காலமும் அதற்குப் போகும்.

8. எங்களுக்கு ஆன செலவு

புதிய சட்டத்தரணியின் கட்டணத்தைச் சேர்க்காமல், முறைப்பாட்டுக்கு மட்டும் 40,000 ரூபாவுக்குள் முடிந்தது. பாதிக்கு மேல் மொழிபெயர்ப்புக்கே போனது. பக்கக் கணக்கில் காசு வாங்குகிறார்கள், ஆளுக்கு ஆள் விலை வேறு, ஆகவே மூன்று பேரிடம் கேளுங்கள். மிச்சம் சான்றுப்படுத்திய பிரதி, போட்டோப் பிரதி, பதிவுத் தபால், இரண்டு தடவை கொழும்புப் பயணம். முழுக் கட்டையும் நான்கு பிரதி எடுத்தோம்: அனுப்ப, வீட்டில் வைக்க, புதிய சட்டத்தரணிக்கு, அண்ணாவுக்கு.

9. அனுப்பிய பிறகு

சில மாதம் எதுவும் வராது. பிறகு அவருடைய விளக்கத்தைக் கேட்டு எழுதுவார்கள், அவர் சொன்னதற்கு உங்கள் பதிலைக் கேட்பார்கள். எங்களுக்கு வந்த விளக்கத்தில் "கட்சிக்காரர் தொடர்பில் இருக்கவில்லை" என்று இருந்தது. அதற்கு இருபத்திரண்டு செய்திகளின் திகதிப் பட்டியல் ஒன்றை மட்டும் பதிலாக அனுப்பினோம். பதில் எழுதும்போது புதுக் கதை தொடங்காமல், அவர் சொன்னதற்கு மட்டும் பந்தி பந்தியாகப் பதில் சொல்லுங்கள்.

அதன் பிறகு விசாரணைக்கு அழைப்பார்கள். நீங்கள் அங்கே சாட்சி, அவருடைய தரப்பு உங்களைக் குறுக்கு விசாரணை செய்யலாம். விடயம் உயர் நீதிமன்றத்துக்குப் போனால், குற்றச்சாட்டின் பிரதியோடு அவருக்கு அறிவித்தல் போகும், ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று அவர் காரணம் காட்ட வேண்டும். எங்கள் முறைப்பாடு அனுப்பி இரண்டு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. விசாரணை முடிந்து அறிக்கைக்காகக் காத்திருக்கிறோம். அம்மாவின் வழக்கு மீளத் திறக்கப்பட்டுச் சாட்சியம் தொடங்கிவிட்டது.

விசாரணை நாளுக்கு இரவு பஸ்ஸில் போய்க் காலையில் இறங்கி நேரே போகலாம் என்று நினைக்காதீர்கள், முக்கியமாக வயதானவர்களோடு. முதல் நாளே போய்த் தங்குங்கள். தமிழில் சாட்சியம் சொல்ல மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று அழைப்புக் கடிதம் வந்த கிழமையே எழுத்தில் கேளுங்கள். அன்று காலையில் கேட்டால் தள்ளிப்போகும், எங்களுக்கு முதல் தடவை அப்படித்தான் தள்ளிப்போனது. மூலப் பத்திரங்கள், அடையாள அட்டை, பற்றுச்சீட்டுகள், மின்னேற்றிய தொலைபேசி எல்லாம் கையில் இருக்கட்டும்.

அழைப்பு பதிவுத் தபாலில் வரும். வீட்டில் ஆளில்லாமல் இரண்டு தடவை திரும்பிப் போனால் நீங்கள் வரவில்லை என்றுதான் எழுதுவார்கள். வீடு மாறினால் அன்றே புதிய முகவரியை எழுதி அனுப்புங்கள். பகலில் எல்லோரும் வேலைக்குப் போகிற வீடென்றால், உங்கள் பகுதி உபதபாலகத்தில் பெயரைச் சொல்லி, கொழும்பிலிருந்து கடிதம் வந்தால் எடுத்து வைக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.